கஜினி என்பது ஓர் ஊர்

எங்கள் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குக் ‘கஜினி’ என்று பெயர் விழுந்து மூன்று வருடமாகிறது. கார் லைசென்ஸ் பரீட்சையில் நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறைக்குப் பணம் கட்டிவிட்டு வந்த அன்று, கல்லாவுக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வைத்த பெயர் அது. “விடாதேடா! கஜினி முகமது பதினேழு தடவை தோத்து, பதினெட்டாவது தடவைதான் ஜெயிச்சான்” என்றார் அவர். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். தமிழ் பேசும் வீட்டில் இந்தக் கதை தெரியாதவர் உண்டா? பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களும் இருக்கிறார்கள், 2005-இல் வந்த சூர்யா படத்தின் பெயராக மட்டும் அறிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அன்று கடை அடைக்கும் நேரத்தில் அந்தத் தம்பி கேட்டார்: “நானா, அவரு பேரு முகமதுன்னா, கஜினிங்கிறது யாரு? அவங்க அத்தா பேரா?”

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் மளிகைக் கடைக்கே திரும்பி வந்த நமக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஓர் ஊர் என்று சொல்லிச் சமாளித்தோம். பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது. மக்கா, மதீனா, பக்தாத், குர்துபா ஆகிய நகரங்களைப் பற்றி எழுத நம்மிடையே ஆலிம்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கஜினியைப் பற்றி எழுத யாரும் முன்வரமாட்டார்கள் என்று தோன்றியதால் அதை நாம் எடுத்துக்கொண்டோம்.

முதலில் பெயர். மதரஸாவில் ஐன், ஙைன் என்று ஓதிப் பழகியவர்கள் அந்த ஙைன் எழுத்தில் தொடங்கிச் சொல்லிப் பார்க்க வேண்டும். கஸ்னி என்றும் கஸ்னா என்றும் நூல்களில் வரும். தமிழில் அது கஜினியாகி நிலைத்துவிட்டது. ஆப்கானிஸ்தானில் காபூலிலிருந்து காந்தஹார் போகும் நெடுஞ்சாலையில், காபூலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்நகரம். கஜினி மாகாணத்தின் தலைநகர். பாரசீகமும் பஷ்தூவும் பேசும் தாஜிக், ஹசாரா, பஷ்தூன் மக்கள் வாழும் ஊர். அண்மைக்காலம் வரை சீக்கிய, இந்துக் குடும்பங்கள் சிலவும் அங்கே இருந்தன.

கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்குச் சற்று மேலே அந்நகரம் அமைந்திருக்கிறது. நம் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தாஹானின் உச்சி 2,187 மீட்டர். அதாவது நம் மலையுச்சிக்கு மேலே அவர்களுடைய கடைத்தெரு தொடங்குகிறது. குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மழை குறைவு. ஆற்று நீரைத் தேக்கி வாய்க்கால் வழியே விட்டால்தான் வயல் பச்சையாகும்.

இப்படிப்பட்ட இடத்தை ஏன் தலைநகராக்கினார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. முகலாய அரசை நிறுவிய பாபர் 1504-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே சென்றார். இவ்வளவு எளிய ஊரைப் பெரிய பெரிய சுல்தான்கள் ஏன் தலைநகராக வைத்துக்கொண்டார்களோ என்று தம் நினைவுக் குறிப்பில் வியந்திருக்கிறார். பாதுஷாவுக்குப் புரியாதது கடைக்காரனுக்குப் புரியும். கஜினி ஒரு முச்சந்தி. மேற்கே குராசான், வடக்கே காபூல், தென்கிழக்கே கோமல் கணவாய் வழியாகச் சிந்துநதிக் கரையும் முல்தானும். மண் எப்படி இருந்தாலும் வழி இருந்தால் போதும். பினாங்கில் பழைய வணிகத் தெருக்கள் துறைமுகத்தை ஒட்டி ஏன் இருக்கின்றன என்று யோசித்தால் இது விளங்கும்.

962-இல் அல்ப்தகீன் என்ற துருக்கியத் தளபதி கஜினியைப் பிடித்தார். சாமானிய அரசர்களிடம் அடிமையாகச் சேர்ந்து படைத்தலைவரானவர் அவர். அவரிடம் அடிமையாக இருந்து மருமகனாகவும் ஆன சபுக்தகீன் 977 முதல் 20 ஆண்டுகள் ஆண்டார். சபுக்தகீனின் மகன்தான் நாம் சொல்லும் கஜினி முகமது. சரியான பெயர் மஹ்மூது. ‘கஜினியைச் சேர்ந்த மஹ்மூது’ என்பதே பொருள். நாகூர் ஹனீபா என்கிறோமே, அதைப்போல. எங்கள் தம்பிக்கு அத்தா பெயரும் இப்போது கிடைத்துவிட்டது.

அடுத்து அந்தப் பதினேழு. இந்தியாவின் மீது மஹ்மூது நடத்திய படையெடுப்புகளைப் பதினேழு என்று எண்ணி எழுதிவைத்தார்கள். அந்த எண் நம் ஊர்க் கதையில் பதினேழு தோல்வியாக மாறிவிட்டது. அவர் பதினேழு முறை தோற்கவில்லை. பெரும்பாலும் வென்றார். குளிர்காலம் தொடங்கும்போது இறங்குவார்; பொன்னையும் யானைகளையும் அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களையும் கொண்டு மலைக்குத் திரும்பிவிடுவார். விடாமுயற்சிக்கு உதாரணமாக நம் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, எதற்கான முயற்சி அது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

1025 அக்டோபரில் கஜினியிலிருந்து கிளம்பிய படை 1026 ஜனவரியில் குஜராத் கடற்கரையிலுள்ள சோமநாதபுரத்தை அடைந்தது. கோயில் கொள்ளையடிக்கப்பட்டது, சிலை உடைக்கப்பட்டது. இதைச் சிலர் பெருமையாகப் பேசியும் நாம் கேட்டதுண்டு. பள்ளியில் சக மாணவர்கள் இதைச் சொல்லிக் காட்டியபோது பதில் இல்லாமல் தலை குனிந்ததும் உண்டு. நாம் அந்தச் சுல்தானின் வாரிசுகள் அல்லர். நம் முன்னோர் கப்பலிலும் தோணியிலும் சரக்கோடு வந்த தென்கரை மக்கள். ஆனாலும் பெயர் ஒன்றாக இருப்பதால் கணக்கை நம்மிடம் கொண்டுவருகிறார்கள்.

அதே 1025-ஆம் ஆண்டை நாம் வேறோர் இடத்திலும் படித்திருக்கிறோம். இராசேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கிய ஆண்டு அது. கடாரம் என்பது நமக்கு அடுத்திருக்கும் கெடாதான். பூஜாங் பள்ளத்தாக்கிற்குச் சுற்றுலா போன நம் சங்கப் பிள்ளைகளுக்கு அந்த இடம் தெரியும். யானைகளையும், குவித்து வைத்திருந்த செல்வத்தையும், வித்யாதர தோரணம் என்ற வாயிலையும் கொண்டுவந்ததாக இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையோடு சொல்கிறது. சோழன் கோயிலை இடிக்க வந்தவன் அல்லன், மஹ்மூதோ சிலையை உடைத்ததைச் சாதனையாகவே காட்டிக்கொண்டவர். இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொண்டுபோன பொன்னின் எடையைப் பார்த்து அழுதவர்கள் சோமநாதபுரத்திலும் இருந்திருப்பார்கள், கடாரத்திலும் இருந்திருப்பார்கள். ஒன்றை வெற்றி விழாவாகவும் மற்றொன்றை அவமானமாகவும் மனப்பாடம் செய்த தலைமுறை நம்முடையது.

மஹ்மூதின் வாள் கோயில்களோடு நின்றுவிடவுமில்லை. முல்தானை ஆண்ட இஸ்மாயிலி முஸ்லிம்களை அவர் தாக்கினார். 1029-இல் ஈரானின் ரய் நகரைப் பிடித்து, தமக்குப் பிடிக்காத கொள்கை நூல்களை எரித்து, மீதி நூல்களைக் கஜினிக்கு ஏற்றிச் சென்றார். கொண்டுவந்த செல்வத்தில் ‘அரூஸுல் ஃபலக்’, அதாவது வானத்தின் மணமகள் என்ற பள்ளிவாசல் எழுந்தது. பக்கத்தில் மதரஸாவும் நூலகமும் கட்டப்பட்டன. பொருளைப்போலவே அறிஞர்களையும் சேகரித்தார். மருத்துவ மேதை இப்னு சீனா அந்த அழைப்புக்குப் பிடிகொடாமல் வேறு திசையில் போய்விட்டார். ஃபிர்தவ்ஸி 1010-இல் முடித்த ஷாநாமாவை மஹ்மூதுக்குக் காணிக்கையாக்கினார். எதிர்பார்த்த பரிசு கிடைக்கவில்லை என்ற கதை இன்றும் உலவுகிறது.

இப்னு சீனாவைப்போல் தப்ப முடியாதவர் ஒருவர் இருந்தார். அவருக்காகத்தான் இந்த ஊரை நாம் நேசிக்கத் தொடங்கினோம் என்று சொல்ல வேண்டும். அபூ ரைஹான் அல்பீரூனி, குவாரிஸம் நாட்டில் 973-இல் பிறந்தவர். 1017-இல் மஹ்மூது அந்நாட்டை வென்றபோது பிடித்துக் கஜினிக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது வயது 44. அந்த வயதில் அவர் சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தார். பண்டிதர்களைத் தேடிப்போய்க் கேட்டார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் மொழிபெயர்த்தார். ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை முடித்தார். சமயம், கணிதம், வானநூல், அளவைகள், பண்டிகைகள் என்று எதையும் விடவில்லை. இந்துக்களின் கொள்கையை அவர்களுடைய நூல்களைக் கொண்டே எடுத்துச் சொன்னார். கேலி செய்யவில்லை, பூசி மெழுகவும் இல்லை. மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தைச் சீரழித்தன, அதனால்தான் அம்மக்கள் முஸ்லிம்களை வெறுக்கிறார்கள் என்று அதே நூலில் எழுதினார். கஜினியில் இருந்துகொண்டு, கஜினி அரசின் சோற்றைத் தின்றுகொண்டு இப்படி எழுதியிருக்கிறார். பள்ளியில் நாம் தலை குனிந்த அன்று இந்த மனிதரைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

பாலிடெக்னிக்கில் நில அளவைப் பாடத்தில் தியோடலைட்டைத் தோளில் சுமந்து வெயிலில் நின்றவர்களுக்கு அவருடைய இன்னொரு வேலை பிடிக்கும். இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் நந்தனா என்றொரு கோட்டை இருக்கிறது. அங்கே சமவெளியை ஒட்டிய குன்று ஒன்றின் உயரத்தைக் கோணங்கள் பார்த்துக் கணக்கிட்டார். பிறகு உச்சியில் ஏறி நின்று, அடிவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு கீழே சாய்ந்து தெரிகிறது என்று அளந்தார். உயரமும் அந்தச் சிறு கோணமும் தெரிந்தால் பூமியின் ஆரத்தை முக்கோணக் கணக்கில் கண்டுபிடித்துவிடலாம். அவருக்குக் கிடைத்த விடை இன்றைய அளவுக்கு மிக நெருக்கமானது. பாலைவனத்தில் காதக்கணக்கில் சங்கிலி பிடித்து அளக்கவேண்டிய வேலையை ஒரு குன்றின் மேல் முடித்துவிட்டார். ஏறத்தாழ 1048-இல் கஜினியிலேயே காலமானார்.

அக்காலத்துக் கஜினியில் இந்தியர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். படையில் இந்துப் பிரிவு உண்டு. மஹ்மூதின் மகன் மஸ்ஊது காலத்தில், நாவிதர் மகனான திலகன் என்ற இந்து தளபதியாகி, பஞ்சாபில் கலகம் செய்த துருக்கிய ஆளுநரை அடக்கினார். லாகூர்ப் பகுதியில் மஹ்மூது 1027 வாக்கில் வெளியிட்ட வெள்ளிக் காசில் ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் கலிமாவின் கருத்து சமஸ்கிருதத்தில். ‘தூதர்’ என்பதற்கு ‘அவதாரம்’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள்! இன்று நம் ஆலிம்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஆனால் அந்த ஊர் மக்களுக்குப் புரியும் சொல்லைத் தேடி யாரோ ஓர் அதிகாரி தலையைச் சொறிந்திருக்கிறார் என்பது தெரிகிறது. தொழுகை, நோன்பு என்று தூய தமிழில் சொல்லிப் பழகிய நமக்கு அந்தத் தேடல் அந்நியமானதல்ல.

கஜினியின் ஹுஜ்விர் பகுதியைச் சேர்ந்த அலீ ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் லாகூரில் குடியேறி அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். தாதா கஞ்ச் பக்ஷ் என்று மக்கள் போற்றும் மகான் அவர்கள்தான். பாரசீகத்தில் தஸவ்வுஃப் பற்றிய மிகப் பழைய நூல்களுள் ஒன்றான கஷ்ஃபுல் மஹ்ஜூப் அவர்கள் எழுதியது. நாகூர் ஆண்டகையின் வளர்ப்பு மகனார் யூசுப் சாஹிபு லாகூரில் பிறந்தவர் என்று நாகூர் வரலாறு சொல்கிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரார் பெயரில் நினைவிடம் கட்டிய நம் முன்னோருக்கு லாகூர் அவ்வளவு தூரமான ஊராக இருந்திருக்காது. கஜினியிலேயே பிறந்து கஜினியிலேயே அடங்கியவர் ஹகீம் ஸனாயீ. மௌலானா ரூமி தமக்கு முன்னோடியாக மதித்த ஞானக் கவிஞர் அவர்.

கொண்டுவந்து குவித்ததெல்லாம் என்னவாயிற்று? மஹ்மூது 1030-இல் இறந்தார். ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, மேற்கே கோர் மலைநாட்டை ஆண்ட குடும்பத்திற்கும் கஜினி சுல்தான் பஹ்ராம் ஷாவுக்கும் பகை மூண்டது. தம் சகோதரர்களைக் கொன்றதற்குப் பழிவாங்க அலாவுத்தீன் ஹுசைன் கோரி படையோடு வந்தார். கஜினி ஏழு நாள் எரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு ‘ஜஹான்ஸோஸ்’, உலகை எரித்தவர் என்று பெயர். எரித்தவரும் முஸ்லிம், எரிந்த ஊரும் முஸ்லிம் ஊர். கஜினிக்கு வர மறுத்த இப்னு சீனாவின் நூல்களை மஸ்ஊதின் படை இஸ்ஃபஹானில் கொள்ளையடித்து இங்கே கொண்டுவந்து வைத்திருந்தது. அவையும் அந்தத் தீயில் போயின. பிறகு கோரிகளே கஜினியில் அமர்ந்தார்கள். நம் பாடப்புத்தகத்தின் ‘கோரி முகமது’ டில்லியைப் பிடிக்கக் கிளம்பியது இவ்வூரிலிருந்துதான். 1221-இல் மங்கோலியர் வந்து எஞ்சியதை அழித்தார்கள்.

பாபர் பார்த்தது அதற்குப் பிந்திய கஜினி. சிறிய ஊர், நல்ல திராட்சை, இந்துஸ்தானுக்குப் போகும் ஆப்பிள். அவ்வூரின் ஆதாயமான பயிர் சாய வேர் என்றும், விளைந்ததெல்லாம் இந்துஸ்தானுக்கே போகிறது என்றும் குறித்திருக்கிறார். எங்கள் கடையின் நாட்டு மருந்து அலமாரியில் மஞ்சிட்டி என்று ஒரு டப்பா இருக்கிறதே, அதன் இனத்தைச் சேர்ந்த சிவப்பு வேர் அது. வயலுக்கு வருடந்தோறும் புதுமண் சுமந்து கொட்டி விளைவித்திருக்கிறார்கள். கோமல் கணவாய் வழியே ஒட்டகங்களில் சரக்கேற்றிச் சென்றவர்கள் லோஹானி ஆப்கானியர். குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கி விற்பார்கள், வெயில் ஏறும்போது மலைக்குத் திரும்புவார்கள். மஹ்மூது போன அதே பாதை, அதே பருவம். ஆனால் இவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். நம் ரசத்தில் மணக்கும் பெருங்காயமும் ஆப்கான், ஈரான் மலைச்செடிகளின் பால்தான். 1505-இல் சிந்துநதிப் பக்கம் பாபரின் ஆட்கள் கொள்ளையடித்தபோது, குவாஜா கிள்ர் லோஹானி என்ற பேர்பெற்ற வணிகர் கொல்லப்பட்டார். பாபர் அதை ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுகிறார். நாம் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம்.

பாபர் கஜினியில் செய்த இரண்டு காரியங்களை அவசியம் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கிராமத்தில், ஸலவாத்து ஓதினால் அசையும் கப்ரு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பாபர் போய் ஓதினார். அசைவது போலவே தெரிந்தது. விசாரித்ததில் விஷயம் வெளிப்பட்டது. கப்ருக்கு மேலே பரண் போட்டிருந்தார்கள். ஊழியர்கள் அதன்மேல் நின்று பரணை அசைத்தால், படகில் போகிறவனுக்குக் கரை நகர்வது போலக் கப்ரு நகர்வதாகத் தோன்றும். ஊழியர்களைக் கீழே இறங்கச் சொல்லி மறுபடி ஓதினார். அசையவில்லை. பரணைப் பிரித்துக் குவிமாடம் கட்டச் சொல்லி, ஊழியர்களைக் கடுமையாக எச்சரித்துவிட்டு வந்தார். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய செய்தி இது. இன்றைக்கும் எங்கெங்கே பரண் இருக்கிறதென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று அணைக்கட்டு. நகருக்கு வடக்கே ஆற்றின் குறுக்கே மஹ்மூது கட்டியது; பந்தே சுல்தான் என்று பெயர். அலாவுத்தீன் கோரி ஊரை எரித்தபோது அதையும் உடைத்துப் போட்டார். வயல்கள் பாழாயின. சுமார் 375 ஆண்டுகள் கழித்து, இந்துஸ்தானை வென்ற கையோடு அதைச் செப்பனிடப் பணம் கொடுத்தனுப்பினார் பாபர். 2005-இல் அந்த அணை மீண்டும் உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்தது. மஹ்மூது கட்டிய பள்ளிவாசல் போயிற்று, நூலகம் போயிற்று. ஆயிரம் ஆண்டாக உடைவதும் கட்டுவதுமாக மக்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

1839 ஜூலையில் ஆங்கிலப் படை காபூல் வாயிலை வெடிமருந்து வைத்துத் தகர்த்துக் கஜினிக் கோட்டைக்குள் நுழைந்தது. 1842-இல் இன்னும் விசித்திரம் ஒன்று நடந்தது. மஹ்மூதின் கப்ரில் இருப்பவை சோமநாதபுரத்துச் சந்தனக் கதவுகள் என்று நம்பி, அவற்றைப் பெயர்த்துக்கொண்டுவர கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ உத்தரவிட்டார். எண்ணூறு ஆண்டு அவமானத்தைத் துடைத்துவிட்டதாக இந்திய மன்னர்களுக்கு அறிக்கை வேறு. கதவுகள் ஆக்ரா வந்து சேர்ந்தன. பார்த்தால் சந்தனம் இல்லை, தேவதாரு. வேலைப்பாடு குஜராத்தினுடையது இல்லை, கஜினியினுடையது. அரபி எழுத்தும் அதில் இருந்தது. லண்டன் பாராளுமன்றத்தில் எல்லன்பரோவை வறுத்தெடுத்தார்கள். கதவுகள் இன்றும் ஆக்ரா கோட்டையில் சாத்தி வைத்திருக்கின்றன. இரண்டு சமூகத்தார் மனத்தில் இருந்த பழைய காயத்தைச் சீண்டிவிட்டு நடுவில் நின்றவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

இன்று கஜினியில் என்ன மிச்சம்? மூன்றாம் மஸ்ஊதும் பஹ்ராம் ஷாவும் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு மினாராக்கள், மேலிருந்து பார்த்தால் நட்சத்திர வடிவம். ஒரு காலத்தில் இப்போதுள்ளதைப்போல் இரு மடங்கு உயரம். 1902 நிலநடுக்கத்தில் மேல்பாதி சரிந்துவிட்டது. 1957 முதல் இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டிய அரண்மனையில், பாரசீக எழுத்து செதுக்கிய பளிங்குப் பலகைகள் கிடைத்தன. பக்கத்துத் தபே சர்தார் மேட்டில் இஸ்லாத்துக்கு முந்திய பௌத்த விகாரை. 2013-இல் இஸ்லாமியப் பண்பாட்டுத் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அடுத்த வருடமே குண்டுவெடிப்பில் அருங்காட்சியகம் சேதமடைந்தது. 2018 ஆகஸ்டில் தெருத் தெருவாகச் சண்டை. 2019-இல் கோட்டையின் பழைய கோபுரம் ஒன்று மழையில் இடிந்தது. 2021-இல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டுகளில் மீதமிருந்த சீக்கியக் குடும்பங்களும் நாட்டைவிட்டுப் போய்விட்டன.

எங்கள் தம்பி ஐந்தாம் முறையில் லைசென்ஸ் வாங்கிவிட்டார். இப்போது கடை வேனை ஓட்டுவது அவர்தான். வாடிக்கையாளர்கள் இன்னும் ‘கஜினி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன நோன்பில் கஞ்சி அரிசி வாங்க வந்த ஒருவர் அப்படிக் கூப்பிட்டு, பதினேழு தோல்விக் கதையை ஆரம்பித்தார். தம்பி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “அது ஊர் பேரு அங்கிள். அந்த ஆளு தோக்கவும் இல்ல. நான்தான் நாலு தடவ தோத்தேன்.”